‘எவ்வளவுதான் நான் ஒருத்தியே செய்யறது?’ – வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வீடு வீடாகப் போய்ப் பக்கவாதம் வந்தவர்களுக்கும் எழ முடியாத வயதானவர்களுக்கும் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. பயிற்சி கட்டிலில் நடக்கும். கேள்விகள் வாசலில் வரும். நான் செருப்பு மாட்டும்போது மகளோ மருமகளோ மனைவியோ கூடவே வந்து, உள்ளே கேட்காத குரலில் கேட்பார்கள். மதுரையில் மாடி வீட்டில் கேட்பதும் மேலூர்ப் பக்கம் ஓட்டு வீட்டில் கேட்பதும் பெரும்பாலும் ஒன்றுதான். அப்படித் திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறேன். எல்லோரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: எதைச் செய்வேன், எதைச் செய்ய மாட்டேன் என்று ஓர் எல்லை வையுங்கள். மருந்து, உணவு விஷயங்களில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

பர்ன்அவுட்னு சொல்றாங்களே, அது ஆபீஸ் போறவங்களுக்குத்தானே? வீட்டுல அம்மாவைப் பார்க்கிறவளுக்கும் வருமா?

உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் அதை விளக்கியபோது வேலையிடம் சார்ந்த ஒன்றாகத்தான் சொன்னது. நோய் என்றும் சொல்லவில்லை. சக்தியெல்லாம் வற்றிப்போன அசதி, செய்யும் வேலை மீது ஒட்டாமை அல்லது கசப்பு, ‘நான் செய்வதில் ஒன்றும் ஆகப்போவதில்லை’ என்ற எண்ணம் – இந்த மூன்றும்தான் அடையாளம் என்றது. கண்டிப்பான கணக்கில் வீட்டுப் பராமரிப்பு இதற்குள் வராது. ஆனால் மூன்றையும் ஒரே முகத்தில் பார்க்க வேண்டுமென்றால், இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கும் மாமியாரைக் கவனிக்கும் ஒரு பெண்ணைப் பார்த்தால் போதும்.

இதைப் பற்றித் தனியாகவே ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஸாரிட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-ல் தன் குழுவோடு, பார்த்துக்கொள்பவரின் சுமையை அளக்கும் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். இன்று அதிகம் புழங்கும் வடிவத்தில் 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். உங்களுக்கென்று நேரமே இல்லாமல் போகிறதா, அவர் பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா என்று நேராகவே கேட்கும். அலுவலகத்தில் இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை உண்டு, ராஜினாமா என்ற வழியும் உண்டு. உங்களுக்கு இரண்டும் கிடையாது. அதனால் வருமா என்று கேட்டால், அவர்களைவிட உங்களுக்குச் சீக்கிரம் வரும் என்பேன்.

வெறும் அசதியா, அதுக்கும் மேலயான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அசதி என்றால் ஒரு நல்ல தூக்கத்தில் சரியாகும். தூங்கி எழுந்தும் காலையில் கட்டில் பக்கம் போகவே கால் வரவில்லை, கிண்ணம் கீழே விழுந்ததற்கு அழுகை வருகிறது, பிடித்த பாட்டுகூடச் சத்தமாகத் தெரிகிறது என்றால் அதற்கும் மேலே.

நான் பார்க்கும் அடையாளம் வேறு. பார்த்துக்கொள்பவரின் முகத்தைவிட நோயாளியின் குதிகால் எனக்கு நிறையச் சொல்லும். குதிகாலிலோ இடுப்பின் பின் எலும்பிலோ சிவப்பு விழுந்து, விரலால் அழுத்தி எடுத்தாலும் அந்தச் சிவப்பு மறையவில்லை என்றால், அது படுக்கைப்புண்ணின் ஆரம்பம். ஆறு மாதமாக ஒரு புண்ணும் வராமல் பார்த்துக்கொண்டவர் கண்ணுக்கு அது இந்த வாரம் தப்பியிருக்கிறது. மாத்திரை டப்பாவில் செவ்வாய்க்கிழமை ராத்திரிக் கட்டம் அப்படியே இருக்கிறது. அக்கறை குறைந்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த ஆளிடம் இனி எடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் அர்த்தம்.

எல்லை வைக்கணும்ங்கறீங்க. பெத்த தாய்கிட்ட போய் எல்லையா? பாவம் இல்லையா?

இந்தக் கேள்விதான் அதிகம் வரும். அம்மாவுக்கு யாரும் எல்லை போடச் சொல்லவில்லை. வேலைக்குத்தான் எல்லை. ‘ராத்திரி 11 முதல் 4 வரை நான் எழ மாட்டேன், தம்பி எழுவான்’ என்பது எல்லை. ‘என்னால் தனியாக அம்மாவைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைக்க முடியாது, இன்னொரு ஆள் இருந்தால்தான்’ என்பதும் எல்லை. இதில் பாசம் எங்கே குறைகிறது?

மனவருத்தத்தைச் சொல்லி எல்லை போட்டால் நிற்காது. ‘எனக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா’ என்றால் வீட்டில் எல்லோரும் தலையாட்டுவார்கள், மறுநாள் அதே கதைதான். மணியும் வேலையும் சொல்லிப் போட்டால் நிற்கும். எத்தனை மணிக்கு, எந்த வேலை, எனக்குப் பதில் யார் – இந்த மூன்றும் சேர்ந்து வர வேண்டும்.

சரி, எங்கேருந்து ஆரம்பிக்கிறது?

ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு வாரத்துக்கு, நோயாளிக்காக நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் மணியோடு எழுதுங்கள். டயப்பர் மாற்றியது, திருப்பிப் படுக்க வைத்தது, கஞ்சி கரைத்தது, மருந்துக் கடைக்குப் போனது, மேல் துணி துவைத்தது, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணியது என்று எல்லாவற்றையும். எழுதிய வாரக் கடைசியில் பலரும் அதிர்ச்சியோடுதான் அந்த நோட்டை என்னிடம் நீட்டுவார்கள்.

அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள்: நான்தான் செய்ய வேண்டும், வேறொருவர் செய்யலாம், செய்யாவிட்டாலும் குடி முழுகாது. மூன்றாவது குறி விழும் வேலைகளை முதலில் நிறுத்துங்கள். தினமும் தலைக்கு ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டியதில்லை. வெந்நீரில் துணி நனைத்து உடம்பு முழுக்கத் துடைத்து, மடிப்புகளில் ஈரம் போக ஒற்றி எடுத்தால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். வாரம் இரண்டு நாள் நன்றாகக் குளிப்பாட்டலாம், அதுவும் ஆள் துணை இருக்கும் நாளில். நோயாளிக்கு ஒரு சாப்பாடு, மற்றவர்களுக்கு ஒரு சாப்பாடு என்று மூன்று வேளையும் இரண்டு உலை வைப்பவர்கள் உண்டு. வீட்டுக்கே உப்பும் காரமும் குறைத்துச் சமைத்து, மற்றவர்கள் தட்டில் ஊறுகாய் போட்டுக்கொள்ளட்டும். ஒருத்தரும் இளைத்துப் போய்விட மாட்டார்கள்.

ராத்திரி தூக்கமே இல்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடச் சொன்னாங்க. நான் எப்ப தூங்க?

ஒரே ஒரு எல்லைதான் வைக்க முடியும் என்றால் அதைத் தூக்கத்துக்கு வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். உடையாமல் நான்கைந்து மணி நேரம் தூங்காதவர் பகலில் எந்தத் தீர்மானமும் எடுக்க முடியாது. ஊசி போடுவதிலோ மருந்து எண்ணுவதிலோ தப்பு வந்தால் அது நோயாளி தலையில்தான் விழும்.

இரண்டு மணி நேரம் என்பது எழுந்து அசையவே முடியாதவர்களுக்கு வழக்கமாகச் சொல்லும் பொதுக் கணக்கு. காற்று அடிக்கும் ஏர் பெட் போட்டிருந்து, தோலும் நன்றாக இருந்தால், ராத்திரியில் அந்த இடைவெளியை நீட்டலாமா என்று மருத்துவரையோ நர்ஸையோ கேளுங்கள். பல வீடுகளில் கேட்டதே இல்லை. டிஸ்சார்ஜ் அன்று சொன்னதை ஒன்றரை வருடமாக அப்படியே செய்துகொண்டிருப்பார்கள். சிறுநீர் போக வைக்கும் மாத்திரை சாயங்காலம் இருந்தால் அதைக் காலைக்கு மாற்றலாமா என்றும் கேளுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், பகலிலேயே பெரும்பகுதி கொடுத்துவிட்டால் ராத்திரி ஈரம் குறையும்.

எழுந்தே ஆக வேண்டுமென்றால் இரவை இரண்டாகப் பிரியுங்கள். 10 முதல் 2 ஒருவர், 2 முதல் 6 இன்னொருவர். முறை இல்லாதவர் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும். அதே அறையில் ‘சும்மா படுத்திருக்கேன்’ என்றால் ஒவ்வொரு இருமலுக்கும் கண் திறந்துகொள்ளும். வீட்டில் இரண்டாவது ஆளே இல்லை என்றால், வாரத்தில் இரண்டு ராத்திரிக்கு மட்டுமாவது கூலிக்கு ஆள் வைக்கப் பாருங்கள். பகல் ஆளைவிட ராத்திரி ஆள்தான் முக்கியம்.

அப்பா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடறார். போனா ஒண்ணும் இருக்காது. போகாம இருக்கவும் முடியலை.

பெரும்பாலும் அது பயம். கூப்பிட்டால் ஆள் வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறார். ‘சும்மா கூப்பிடாதீங்கப்பா’ என்றால் பயம் கூடும், கூப்பிடுவதும் கூடும். அதற்குப் பதில் மணி சொல்லுங்கள். ‘இப்ப பத்து மணிப்பா. சமையல் முடிச்சிட்டு பத்தரைக்கு வர்றேன்.’ அவர் கண்ணுக்கு நேரே பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்று மாட்டுங்கள். பத்தரைக்குக் கண்டிப்பாகப் போய் நில்லுங்கள், அவர் கூப்பிடாவிட்டாலும். ஒரு வாரம் இந்த வார்த்தை தவறாமல் இருந்தால் நடுவில் கூப்பிடுவது குறையும்.

அவசரத்துக்கு ஒரு காலிங் பெல் வையுங்கள். கம்பி இல்லாத பெல் எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். பெல் அடித்தால் உடனே ஓடுவேன், குரல் கொடுத்தால் சொன்ன நேரத்துக்கு வருவேன் என்று சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு நாள் பெல்லையே விடாமல் அடிப்பார். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்க அம்மாவுக்கு மறதி நோய். நீங்க சொல்ற மணிக் கணக்கெல்லாம் அவங்களுக்குப் புரியாதே?

புரியாது. டிமென்ஷியா இருப்பவரிடம் மேலே சொன்ன பத்தரை மணி உத்தியை முயலாதீர்கள். உங்களுக்குத்தான் எரிச்சல் மிஞ்சும். அங்கே எல்லை அவரிடம் போடுவதில்லை, சுற்றியுள்ளவர்களிடமும் வீட்டு ஏற்பாட்டிலும் போடுவது. பலருக்குச் சாயங்காலம் வெளிச்சம் மங்கும் நேரம் மோசமாக இருக்கும். சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு ‘வீட்டுக்குப் போகணும்’ என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். ‘இதுதானேம்மா வீடு’ என்று வாதாடினால் சண்டைதான். விளக்குகளைச் சீக்கிரம் போட்டு, கையில் ஏதாவது வேலை கொடுத்தால் (கீரை ஆய்வது, துணி மடிப்பது) பல நாள் தாண்டிவிடும்.

ஆகவே 5 முதல் 8 வரை உங்கள் தலையில் வேறெதுவும் இருக்கக் கூடாது. அந்த மூன்று மணி நேரம் பிள்ளைகளின் ஹோம்வொர்க், ராத்திரிச் சமையல், போன் பேச்சு எல்லாம் வேறொருவர் பாடு. ஒரே கேள்வியை ஐம்பதாவது தடவை கேட்கும்போது பதில் சொல்லாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வரலாம், வாசல் கதவு பூட்டியிருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு.

அண்ணன் நியூஜெர்சியில இருக்கார். தினமும் வீடியோ கால்ல வந்து அதைச் செய், இதைச் செய்யாதேங்கறார். எப்படிச் சொல்றது?

அவர் ஆபீஸ் கிளம்புமுன் காலை 8 மணிக்குக் கூப்பிட்டால், கோடைக் காலத்தில் நமக்கு அது மாலை ஐந்தரை. முந்தைய பதிலில் சொன்ன அதே நேரம்! அவருக்கு இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. ‘அண்ணே, சனிக்கிழமை காலையில நிதானமாப் பேசலாம், நடுவுல அவசரம்னா நானே கூப்பிடறேன்’ என்று நேரத்தை நீங்கள் குறியுங்கள்.

தூரத்தில் இருப்பவர்களின் அறிவுரைக்குப் பின்னால் பாதி குற்ற உணர்ச்சிதான். அதற்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் அறிவுரை தானாகக் குறையும். இன்ஷூரன்ஸ் பேப்பர், மருந்தை ஆன்லைனில் வரவழைப்பது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், அட்டெண்டர் சம்பளம் இவை எல்லாம் கடல் தாண்டியும் செய்யக்கூடியவை. நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள், கூட ஒரு வார்த்தையும் எழுதாமல். வருடத்துக்கு ஒருமுறை வரும்போது ஒரு வாரம் முழுப் பொறுப்பும் அவரிடம். நீங்கள் அந்த வாரம் வீட்டிலேயே இருக்காதீர்கள்.

கூடப் பிறந்தவங்க நாலு பேர். ஒருத்தரும் எட்டிப் பார்க்கறதில்லை. சட்டத்துல வழி இருக்கா?

இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. மகன், மகள், வயது வந்த பேரன், பேத்தி எல்லோருக்கும் பொறுப்பு உண்டு. கல்யாணமாகிப் போன மகள் என்பதால் விலக்கு இல்லை. மனுவைப் பெற்றவர் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த ஒருவர் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் இருக்கிறது. சட்டப்படி மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கொடுக்க உத்தரவிடலாம். ஒரு பிள்ளை மீது மட்டும் மனு வந்தால், மற்ற பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லி அவர் கேட்கவும் இடமுண்டு.

ஆனால் சட்டம் பணம் வாங்கித் தரும், ராத்திரி எழுந்து டயப்பர் மாற்ற ஆள் அனுப்பாது. அதனால் இதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மாதக் கணக்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்: மருந்து இவ்வளவு, டயப்பர் இவ்வளவு, ஆள் கூலி இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு. வர முடியாதவர் பணம் தரட்டும். பணமும் முடியாதவர் மாதம் இரண்டு நாள் வரட்டும். மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச எண்ணில் இந்தச் சட்டம் பற்றி விவரம் கேட்கலாம்.

நான் மருமகள். என் புருஷன் ‘என் அம்மா’ன்னு சொல்வார், வேலை எல்லாம் என் தலையில. நான் எப்படி எல்லை போட?

மேலே சொன்ன சட்டத்தில் பிள்ளைகள் என்ற பட்டியலில் மருமகள் பெயர் இல்லை. இதை அத்தையிடம் போய்ச் சொல்லச் சொல்லவில்லை! புருஷனிடம் பேசும்போது உங்கள் மனதில் இருக்கட்டும் என்பதற்காகச் சொன்னேன். நீங்கள் செய்வது உதவி. அவர் செய்ய வேண்டியது பொறுப்பு.

அவருக்கென்று நிலையான வேலைகள் இருக்க வேண்டும், ‘கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க’ என்பது போதாது. காலையில் டயப்பரும் உடம்பு துடைப்பதும் அவர் ஆபீஸ் போகுமுன், ராத்திரி 10 முதல் 2 அவர் முறை. ‘அம்மாவை நான் எப்படிக் குளிப்பாட்டறது’ என்று கூச்சப்படுவார். ஆஸ்பத்திரியில் ஆண் மருத்துவர்களும் ஆண் செவிலியர்களும் பெண் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதில்லையா? முறையாகத் துணி போர்த்திச் செய்யும் விதத்தை நான் பல மகன்களுக்குக் கட்டிலருகே நின்று கற்றுக்கொடுத்திருக்கிறேன். அத்தைக்குக் கூச்சமாக இருந்தால் அந்த ஒன்றை மட்டும் நீங்களோ ஒரு பெண் அட்டெண்டரோ செய்யலாம். மற்றதற்கு அந்தச் சாக்கு செல்லாது.

பார்க்க வர்ற சொந்தக்காரங்களுக்குக் காபி போட்டே என் பாதி நாள் போகுது.

வருவதற்கு நேரம் வையுங்கள்: ஞாயிறு 11 முதல் 1 வரை. ‘டாக்டர் ஓய்வு வேணும்னு சொல்லியிருக்கார்’ என்று சொல்லலாம், எந்த டாக்டரும் மறுக்கப்போவதில்லை. ‘இளைச்சுப் போயிட்டாங்களே, சரியாச் சாப்பாடு கொடுக்கறியா?’ என்று கேட்பவரிடம் கிண்ணத்தைக் கொடுத்து ஒரு வேளை ஊட்டச் சொல்லுங்கள்.

ஆள் வெச்சா, ‘அந்நிய ஆள் என்னைத் தொடக்கூடாது’ன்னு அப்பா அடம் பிடிக்கிறார்.

முதல் நாளே ஆளை விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். நான்கைந்து நாள் நீங்களும் கூட இருந்து, முதலில் அவர் துணி மடிப்பது, தண்ணீர் எடுத்துத் தருவது, பிறகு கை பிடித்து நடத்துவது, கடைசியில்தான் டயப்பர் என்று போனால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். அப்புறமும் மறுத்தால், ‘என் முதுகு போச்சுப்பா, என்னால இனிமே தூக்க முடியாது. இவர் இல்லேன்னா குளியல் இல்லை’ என்று நேராகச் சொல்லலாம். அறிவு தெளிவாக உள்ள பெரியவரிடம் உண்மையைச் சொல்வது அவமரியாதை இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். ஏஜென்ஸி மூலம் 24 மணி நேரத்துக்கு வரும் பெண்ணும் மனுஷிதான். உங்களுக்கு முடியாத ராத்திரி அவளுக்கும் முடியாது. அவளுக்கும் தூங்க நேரமும் படுக்க இடமும் வார விடுமுறையும் வேண்டும். உங்கள் சுமையை அப்படியே இன்னொருத்தி தலையில் ஏற்றினால், மூன்றாவது மாதம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவாள்.

அக்கா, நேத்து அம்மாவைக் கை ஓங்கிட்டேன். யார்கிட்டயும் சொல்லலை.

கை ஓங்கும் அளவுக்குப் போயிருக்கிறது என்றால் இன்றைய ஏற்பாடு தாங்காது என்று பொருள். கோபம் ஏறுவது தெரிந்தவுடன், நோயாளி விழாதபடி கட்டில் தடுப்பைத் தூக்கிவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். டயப்பர் பத்து நிமிஷம் ஈரமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. இன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், ‘என்னால தனியா முடியலை’ என்ற அளவில் சொன்னாலே போதும்.

மனநல உதவிக்கு 14416 என்ற டெலிமானஸ் எண் இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணமில்லை, தமிழில் பேசலாம். நோயாளிக்கு மட்டுமான எண் என்று நினைக்க வேண்டாம், பார்த்துக்கொள்பவருக்கும் அதுதான். ‘இரண்டு பேரும் இல்லாமல் போனால் நல்லது’ என்ற நினைப்பு வந்தால் நாளை என்று தள்ளாமல் அப்போதே கூப்பிடுங்கள். கை ஓங்குவது ஒருமுறைக்கு மேல் நடந்திருந்தால், உங்கள் அம்மாவின் பாதுகாப்புக்காகவே பொறுப்பு வேறு கைக்குப் போக வேண்டும், தற்காலிகமாகவாவது.

ஆள் வைக்க வசதியே இல்லை. இதெல்லாம் பணக்காரங்களுக்குச் சொல்றீங்க.

ஓரளவு உண்மை. ஆனால் கேட்காமலே விடும் உதவி ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் தணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருவதும் அதில் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 104-லும் விசாரிக்கலாம். தினமும் வர மாட்டார்கள்தான். ஆனால் மாத்திரைக்காக அரை நாள் வரிசையில் நிற்பது மிச்சம், புண்ணைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண்ணும் கிடைக்கும்.

முதியோர் இல்லத்துல பத்து நாள் விட்டா, ஊரு என்ன சொல்லும்? கைவிட்ட மாதிரி ஆகாதா?

பத்து நாள் விட்டுத் திரும்பக் கூட்டி வருவதற்குப் பெயர் கைவிடுவது இல்லை. குறுகிய காலத்துக்கு நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் பராமரிப்பு இல்லங்கள் பெரிய ஊர்களில் இப்போது இருக்கின்றன. ஊர் சொல்லத்தான் செய்யும். நீங்கள் முதுகு பிடித்துப் படுத்தால் அதே ஊர், ‘ஆளை வெச்சுக்கத் தெரியலை’ என்றும் சொல்லும்.

சேர்க்கும் முன் நேரில் போங்கள், முன்கூட்டிச் சொல்லாமல், சாப்பாட்டு நேரத்தில். ராத்திரி எத்தனை நோயாளிக்கு எத்தனை ஆள் என்று கேளுங்கள்; பகல் கணக்கைச் சொல்லி மழுப்பினால் திரும்பவும் கேளுங்கள். மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்த்தியிருக்கிறார்களா, கொடுத்து முடிந்ததும் அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள். அவசரமென்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு, யார் கூட்டிப் போவார்கள் என்று எழுதி வாங்குங்கள். விடும் அன்று உடம்பில் எங்கெங்கே சிவப்போ புண்ணோ இருக்கிறது என்று செவிலியர் முன்னாலேயே பார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். திரும்ப அழைத்து வரும்போது அதே தாளை வைத்து மறுபடி பாருங்கள்.